மூணாம் மாசம், கையில் தடிப்பு, காய்ச்சல் இல்லை: டாக்டரைப் பார்க்கணுமா?

ஈசூன்_மீனா:
எங்க புளோக்குக்குக் கீழ டெங்கி சிவப்புப் பதாகை மாட்டியிருக்காங்க. எனக்கு மூணாம் மாசம். நேத்துலேர்ந்து கையிலயும் வயித்துலயும் சிவப்பா தடிப்பு, கண்ணும் உறுத்துது. காய்ச்சல் இல்ல. மாமியார் வேர்க்குருன்னு பவுடர் போடச் சொல்றாங்க. என் வீட்டுக்காரர் போன வாரம்தான் திருவனந்தபுரம் போயிட்டு வந்தார். டாக்டர்கிட்ட போகணுமா?

சிம்ஸ்_டிரைவ்_அக்கா:
இன்னிக்கே போம்மா. டெங்கின்னா பெரும்பாலும் காய்ச்சல் கொதிக்கும். அதே கொசு பரப்புற இன்னொரு கிருமி ஸிக்கா, அது திருடன் மாதிரி வரும். 5 பேர்ல 4 பேருக்கு ஒண்ணுமே தெரியாது; தெரிஞ்சாலும் நீ சொல்ற தடிப்பு, கண் சிவப்புதான். 2016 ஆகஸ்ட் கடைசியில இங்க சிங்கப்பூர்ல அல்ஜுனிட் கிரெசண்ட், சிம்ஸ் டிரைவ் பக்கம் ஸிக்கா பரவினப்ப என் மக வயித்துல இருந்தா. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிங்க வீடு வீடா வந்து, துணி காயப்போடுற மூங்கில் சொருகுற குழாயைக்கூட எட்டிப் பார்த்தாங்க. எனக்கு ரத்தம், சிறுநீர் எடுத்துப் பார்த்து ஸிக்கா இல்லைன்னு சொன்னாங்க. அப்பவும் ஸ்கேன்ல தலைச் சுற்றளவு சரின்னு சொல்ற வரைக்கும் என் உயிர் என்கிட்ட இல்ல.

முன்னாள்_தாதி:
ஸிக்கா கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டி, வளர்ற மூளைச் செல்லையே தாக்கும். தலை சிறுத்துப்போறதைத்தான் எல்லாரும் பேசுறாங்க. தலை அளவு சரியா இருந்தும் பார்வைக் கோளாறு, காது கேளாமை, மூட்டு இறுகுறதுன்னு வரலாம். முதல் மூணு மாசம்தான் ஆபத்து கூட. ஆனா தொற்று வந்த எல்லார் பிள்ளைக்கும் இப்படி ஆகாது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கு 5லேர்ந்து 15 விழுக்காடு.

டெங்கி வேற ரகம்: குறைமாசப் பிரசவம், எடைக் குறைவு, பிரசவத்தை ஒட்டி வந்தா பிள்ளைக்கும் தொத்தலாம். உங்க தடிப்பு ருபெல்லாவாக்கூட (ஜெர்மன் அம்மை) இருக்கலாம், அதுவும் பிள்ளைக்கு ஆகாது. அதனால யூகம் வேணாம், பரிசோதனைதான். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் தொடாதீங்க.

கூச்சப்பட்டு யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன்: ஸிக்கா உடலுறவு வழியாவும் வரும். கேரளாவுல 2021ல பரவியிருக்கு. அவர் பயணத்தை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. பிரசவம் வரைக்கும் ஆணுறை.

ஈசூன்_மீனா:
நன்றி, கிளம்புறேன். கொசுவிரட்டி பூசலாமா? கொசுவைக் குறைக்கன்னு இங்க வோல்பாக்கியாங்கிற பாக்டீரியா ஏத்தின கொசு வேற விடுறாங்க.

சிம்ஸ்_டிரைவ்_அக்கா:
அது ஆண் கொசு, கடிக்காது. டீட் (DEET)ங்கிற கொசுவிரட்டி மருந்து கலந்ததைப் பூசலாம், கர்ப்பிணிக்கும் ஒத்துக்கும். டெங்கி, ஸிக்கா பரப்புற ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகல்லதான் கடிக்கும், அதனால காலையிலயே பூசிடு. மாமியாரையும் கூட்டிட்டுப் போ, நீ சொன்னா கேக்கமாட்டாங்க, டாக்டர் சொன்னா கேப்பாங்க.