வில்கோவின் துணிச்சல் 2004-லேயே தீர்ந்துவிட்டதா?

கம்பிநாதம்:
ஆம் என்பதே என் கட்சி. அங்கிள் டுப்பெலோ என்ற அமெரிக்க இசைக்குழு உடைந்த பிறகு, 1994-இல் அதன் பாடகர்களில் ஒருவரான ஜெஃப் ட்வீடி தொடங்கிய ராக் குழு வில்கோ. முதல் ஆல்பமான 'ஏ.எம்.' கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) வாடை வீசும் ராக்; அதோடு நின்றிருந்தால் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். 1996-இல் 'பீயிங் தேர்' என்ற இரட்டை ஆல்பத்தை ஒற்றை ஆல்பத்தின் விலைக்கு விற்பதற்காக ட்வீடி தன் ராயல்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். 1999-இல் 'சம்மர்டீத்': தேன் தடவிய மெட்டுகள், அவற்றின் அடியில் இருண்ட வரிகள். பிறகு 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்'. 2001-இல் அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான ரிப்ரைஸ் அதை வேண்டாம் என்றது. குழுவோ பதிவை எடுத்துக்கொண்டு வெளியேறி, அந்தச் செப்டம்பரிலேயே தன் இணையதளத்தில் எவரும் கேட்கும்படி வைத்தது. 2002 ஏப்ரலில் அதை வெளியிட்ட நான்சச் என்ற இசைத்தட்டு நிறுவனமும் ரிப்ரைஸின் அதே தாய் நிறுவனத்தைச் சேர்ந்ததுதான்!

2004-இல் 'எ கோஸ்ட் இஸ் பார்ன்'. ஒற்றைத் தலைவலியின் வேதனையைப் பத்து நிமிடங்களுக்கும் மேலான வெறும் இரைச்சலாக ஒரு பாட்டின் வாலில் கட்டிவிட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மூன்றே ஆண்டுகளில் அதே குழு 'ஸ்கை ப்ளூ ஸ்கை' பாடல்களைக் கார் விளம்பரத்துக்குக் கொடுத்தது. அந்த இறக்கம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

தாளக்கட்டு:
நண்பரே, விளம்பரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வாசிப்பைக் கேளுங்கள். 2004-இல் கிதார் கலைஞர் நெல்ஸ் க்ளைனும் பல கருவிகள் வாசிக்கும் பாட் சான்சோனும் குழுவில் சேர்ந்ததிலிருந்து அதே ஆறு பேர்தான். ஜாஸ் மேடைகளில் கட்டற்று வாசித்துப் பழகிய க்ளைன், 'ஸ்கை ப்ளூ ஸ்கை'யின் 'இம்பாசிபிள் ஜெர்மனி' பாடலில் எவ்வளவு பொறுமையாகத் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். ஒவ்வொரு சுரமாக ஏறி, உச்சிக்குப் போனதும் மற்ற இரண்டு கிதார்களும் வந்து பின்னிக்கொள்கின்றன. மேடையில் அந்தத் தனிவாசிப்பை அவர் ஒவ்வோர் இரவும் புதிதாகக் கட்டுகிறார். இதைத் துணிச்சல் இல்லை என்றால், இரைச்சல் மட்டுமே துணிச்சல் என்றாகிவிடும். 'அப்பாக்களின் ராக்' என்று விமர்சகர்கள் அன்று ஒட்டிய முத்திரையையே நீங்களும் திரும்ப ஒட்டுகிறீர்கள்.

பழைய இசைத்தட்டு:
இருவருமே குழுவின் முன்னாள் உறுப்பினர் ஜே பென்னட்டை மறந்துவிட்டீர்கள். 'சம்மர்டீத்'தின் அந்தக் கீபோர்டு அடுக்குகள் பெரும்பாலும் அவர் கைவண்ணம். 'யாங்கி'யிலும் பல பாடல்களை ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர் அவர். ஒலிக்கலவை தொடர்பாக இருவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை, அந்த ஆல்பம் உருவானதைப் பற்றிய சாம் ஜோன்ஸின் ஆவணப்படத்தில் பார்க்கவே முடியவில்லை, அத்தனை சங்கடம். பிறகு ஒலிக்கலவை செய்ய ஜிம் ஓ'ரூர்க் வந்து, குவிந்து கிடந்த ஒலிகளைக் கத்தரித்தார். பென்னட் 2001-இல் வெளியேற்றப்பட்டார். 2009-இல் 45 வயதில் இறந்துபோனார். நீங்கள் ஏங்கும் அபாயம் இருவர் மோதலில் பிறந்தது, கம்பிநாதம். ஒருவர் போனதும் அதுவும் போனது. மிஞ்சியவர்களைக் கோழைகள் என்று சொல்வது நியாயம் இல்லை.

கம்பிநாதம்:
கோழைகள் என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஆனால் பென்னட் போன பிறகு வந்த 'கோஸ்ட்'தான் இவர்களின் ஆல்பங்களிலேயே மிக முரட்டுத்தனமானது. ட்வீடியே முன்னணிக் கிதாரை எடுத்து, விரல் தடுமாறினாலும் கவலைப்படாமல் வாசித்தார். முதல் பாட்டில் பியானோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கிதார் வெடிக்கிறதே, அதைத் தேர்ந்த கை வாசித்திருந்தால் பாதி உயிர் போயிருக்கும். அதனால்தான் க்ளைனின் வருகையை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை.

இளவேனில்:
அண்ணா, நான் இந்தக் குழுவுக்குள் நுழைந்ததே 2022-இல் வந்த 'க்ரூயல் கன்ட்ரி' வழியாக. ஆறு பேரும் சிகாகோவில் உள்ள தங்கள் 'லாஃப்ட்' கூடத்தில் ஒன்றாக அமர்ந்து வாசித்த 21 பாடல்கள். எல்லாரும் ஒரே அறையில் மூச்சுவிடுவது போலக் கேட்கிறது. நீங்கள் இறக்கம் என்று சொல்லும் காலத்தில்தான் எனக்கு இவர்கள் கிடைத்தார்கள்.

தாளக்கட்டு:
அப்படிச் சொல், தம்பி! கம்பிநாதத்துக்கு இன்னொன்று: 2019-இன் 'ஓட் டு ஜாய்'. டிரம்மர் க்ளென் கோட்சியின் (Kotche) வாசிப்பில், களைத்த படை நடந்து போவது போல ஒவ்வோர் அடியும் தரையில் பதிகிறது. அதன் மேல் ட்வீடி ஏறக்குறைய கிசுகிசுக்கிறார். ராக் குழு ஒன்று இத்தனை சத்தத்தை மறுப்பதும் பணயம்தான். 2023-இல் 'கஸின்' ஆல்பத்தின் தயாரிப்பை வேல்ஸைச் சேர்ந்த இசைக்கலைஞர் கேட் லெ பானிடம் ஒப்படைத்தார்கள். பழகிய வீட்டின் சாவியை வெளியாளிடம் கொடுத்தது போல.

கம்பிநாதம்:
'ஓட் டு ஜாய்' விஷயத்தில் பிடியைத் தளர்த்துகிறேன். அந்த டிரம்ஸை நான் சோர்வு என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன பிறகு முதல் பாட்டை இருமுறை கேட்டேன், அதில் பிடிவாதம் இருக்கிறது. 'ஸ்கை ப்ளூ ஸ்கை'க்கு மட்டும் என்னை இழுக்காதீர்கள். இளவேனில், நீ 'கோஸ்ட்' கேட்டிருக்கிறாயா? அந்த இரைச்சலைத் தாண்டிவிடாமல் கடைசி வரை இருந்துவிட்டு வந்து எழுது.