கடலோர வீட்டில் காபன் ஸ்டீல் கத்தி: இது கறளா, கறையா?

வெள்ளவத்தை மலையேறி:
நோர்வேயிலிருந்து வந்த மச்சான் மோரா கம்பானியன் கத்தி ஒன்று தந்தார். காபன் ஸ்டீல். நக்கிள்ஸ் பக்கம் முகாம் போகும்போது விறகு சீவ உதவும் என்று ஆசையாக வாங்கி வைத்தேன். எங்கள் வீடு காலி வீதிக்குக் கடல் பக்கம். இரண்டு கிழமை உறையோடு அலுமாரியில் கிடந்தது. நேற்று உருவிப் பார்த்தால் அலகெல்லாம் செம்மஞ்சள் புள்ளி! இதுவரை மாங்காய்தான் வெட்டினேன், அந்த இடமும் நீலமும் சாம்பலுமாகக் கிடக்கிறது. அதுவும் கறளா? யூடியூபில் கத்தியை விறகின் மேல் வைத்துத் தடியால் அடித்துப் பிளந்து சோதிக்கிறார்கள். நானும் செய்து பார்க்கலாமா?

கொட்டாஞ்சேனை:
தேசிக்காயை வெட்டி உப்பில் தொட்டுத் தேயுங்கள். அரிவாளுக்கு அம்மா அப்படித்தான் செய்வார். பிறகு தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

சாணைக்கல்:
தேசிக்காய் சரி, உப்பு வேண்டாம். கறளுக்குக் காரணமே அதுதான்.

தம்பி, கத்தியில் பழுதில்லை. ஸ்டெயின்லஸ் என்றால் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்கும். இதில் அது பேருக்குத்தான். கடற்காற்றில் வரும் உப்பு அலகில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழை படவே தேவையில்லை. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைத்தால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. உறை காட்டுப் பயணத்துக்கு மட்டும். வீட்டில் கத்தி வெளியே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். உறையையும் நல்ல தண்ணீரில் கழுவித் தலைகீழாகக் காய வையுங்கள்.

நீலமும் சாம்பலும் வேறு சாதி. மாங்காய்ப் புளி இரும்பில் பட்டு உண்டான படலம் அது, இறுக்கமாக ஒட்டி நிற்கும். வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மஞ்சள் ஒட்டினால் கறள், மெல்லிய இரும்புப் பஞ்சும் எண்ணெயும் போட்டு எடுங்கள். ஒட்டாவிட்டால் அப்படியே விடுங்கள். நான் அந்தப் படலத்தை வேண்டுமென்றே ஏற்றுவேன்: சவர்க்காரத்தால் எண்ணெய்ப்பசை போகக் கழுவி, சூடான வினாகிரியில் அரை மணி நேரம், பிறகு அப்பச்சோடாத் தண்ணீரில் அலசித் துடைத்து எண்ணெய். கறளை அது மெதுவாக்கும், அவ்வளவுதான். கருக்கில் நிற்கவும் நிற்காது, தீட்டியவுடன் போய்விடும். அதனால்தான் கடலோரத்தில் கத்தி சும்மா கிடந்தே மழுங்குகிறது. அவ்வளவு மெல்லிய கருக்குக்குக் கண்ணுக்குத் தெரியாத கறளே போதும்.

தடியடி வேண்டாம். கம்பானியனின் உருக்கு பிடியின் அடிவரை போவதில்லை, அது சீவுகிற கத்தி. வீரகேசரித் தாள் ஒன்றைத் தொங்கப் பிடித்து, அலகின் அடியிலிருந்து நுனிவரை ஓடவிட்டு வெட்டுங்கள். பிறகு காய்ந்த கொய்யாக் கொம்பைக் கொஞ்ச நேரம் சீவிவிட்டு மறுபடி தாளில் பாருங்கள். முன்பு வெட்டிய இடம் இப்போது கிழித்தால், கருக்கை விளக்கடியில் மேல்நோக்கிப் பிடியுங்கள். வெள்ளைக் கோடாக மின்னும் இடம் மடிந்திருக்கிறது அல்லது மழுங்கியிருக்கிறது, தீட்டினால் சரியாகும். பல் பல்லாக உடைந்திருந்தால், உங்கள் வேலைக்கு அந்தக் கோணம் மெல்லியது.

தீட்டுவதும் லேசு. மோராவின் சரிவு அகலமானது, அதை முழுவதாகக் கல்லில் படிய வைத்துத் தள்ளினால் கோணம் தேடி அலைய வேண்டாம். கல் இல்லையா, பழைய சோனகத் தெருவில் 1000ஆம் இலக்கத் தண்ணீர் சாண்ட் பேப்பர் வாங்கிக் கண்ணாடித் துண்டில் விரியுங்கள். மோட்டார்ச் சாணைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் கருக்கு நீலமானால் சூடு 300 பாகைப் பக்கம் போய்விட்டது, பதம் இறங்கிவிடும். மாங்காய் நீலத்தைப் போல அதை மன்னிக்க முடியாது.

தேங்காய் எண்ணெய் சில நாளுக்குப் பரவாயில்லை, பிறகு பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். பாமசியில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்குவிட் பரஃபின் வாங்குங்கள். துணியில் தொட்டு மெல்லப் பூசினால் போதும், சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை. தையல் மெசின் எண்ணெய் பூசிய கத்தியால் மாங்காய் வெட்ட முடியுமா?

மன்னாக்காரன்:
அண்ணை சொன்னது சரி. விறகு பிளக்கத்தான் வேண்டுமென்றால் லொறி ஸ்பிரிங்கில் அடித்த மன்னாக் கத்தி ஒன்று எடுங்கள். வாங்கும்போது கருக்கில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி இறங்கினால் பதம் போதாது, வழுக்கிக்கொண்டே போனால் கல்லில் பட்டு உடையும். கொஞ்சம் தடுத்துக் கடிப்பதை எடுங்கள்.

வெள்ளவத்தை மலையேறி:
துணியில் செம்மஞ்சள் ஒட்டியது, நீலத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. பரஃபின் வாங்கிவிட்டேன். பாமசிக்காரர் எத்தனை நாளாகப் போகவில்லை என்று கேட்டார். கோட்டையிலிருந்து ரயிலில் போகும்போது கத்தியை இடுப்பில் கட்டலாமா?

சாணைக்கல்:
கூடாது. துணியில் சுற்றிப் பையின் அடியில், சட்டி பானையோடு வையுங்கள். பொலிஸ் கேட்டால் முகாம் சாமான் என்பது பார்த்தவுடனே விளங்க வேண்டும்.