மயிலாப்பூரில் நாட்டிய மையம்: கூரையில் முத்திரை வேண்டாம் என்றால் வேறு என்ன செய்வது?

கேள்வி: அரைமண்டி_அரைகுறை

வணக்கம். பி.ஆர்க் (கட்டிடக்கலை) கடைசி வருஷம். தீசிஸுக்கு மயிலாப்பூரில் ஒரு நாட்டிய மையம் எடுத்திருக்கிறேன். சைட் கற்பனைதான்: தெற்கு மாடவீதியை ஒட்டி 18 கிரவுண்டு, அதாவது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அங்கே அவ்வளவு காலி மனை ஏது என்று கேட்காதீர்கள், தீசிஸில் எல்லாம் கிடைக்கும். 300 பேர் உட்காரும் அரங்கம், 4 வகுப்பறை, சின்ன நூலகம், கேன்டீன். கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்க வேண்டாம். மார்கழியில் கச்சேரி சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், அடை அவியல் சுமாராக இருந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

தலைப்பு நானே விரும்பி எடுத்தது. 7 வயதிலிருந்து 9 வருஷம் பரதநாட்டியம் கற்றுக்கொண்டேன். ஒரு அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் ஷீட் போட்ட வகுப்பு, தரையில் வழவழ டைல்ஸ். பத்தாவது முடிக்கும்போது முழங்கால் போனது, அதோடு நாட்டியமும் போனது. இன்னும் பஸ் ஸ்டாப்பில் நின்றால் கால் தானாக ‘தையா தை’ தட்டும்.

முதல் ரிவ்யூவுக்கு, மலர்ந்த தாமரையைக் காட்டும் அலபத்ம முத்திரையை எடுத்து, ஐந்து விரலையும் ஐந்து கான்கிரீட் இதழாக விரித்துக் கூரை போட்டேன். மாடல் செய்ய மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. ஜூரியில் ஒருவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது கட்டிடமா, லோகோவா?” என்றார். மழை பெய்தால் இதழ்களுக்கு நடுவில் சேரும் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று இன்னொருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது ரிவ்யூவுக்கு, முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியில் இரண்டு காலும் சேர்ந்து உண்டாக்கும் சாய்சதுரத்தைக் கபாலி கோயில் மாடவீதி வரைபடத்தின் மேல் வைத்தேன். கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் சுழற்றியதில் ஒருவழியாகப் பொருந்தியது. கைடு பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே வரி: “இழுத்தால் எதுவும் எதோடும் பொருந்தும்மா.”

அடுத்த ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. உருவத்தை எடுக்காதே என்கிறார்கள், சரி. அப்புறம் நடனத்திலிருந்தும் ஊர் அமைப்பிலிருந்தும் கட்டிடத்துக்கு எதைத்தான் எடுப்பது? கட்டியவர்கள், ஆடுகிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: ரிட்டயர்டு_சைட்_இன்ஜினியர்

என் பெண் வயதுதான் இருக்கும், அதனால் ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே.

உருவத்தை அப்படியே எடுத்துக் கட்டியதும் நம் ஊரில் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம், 1976. திருவாரூர்த் தேரை மனதில் வைத்துச் செய்த கல் தேர், 39 மீட்டர் உயரம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, பார்த்ததும் தேர். கணபதி ஸ்தபதி கை வைத்ததால் அது நிற்கிறது. அதே வேலையை நீயும் நானும் செய்தால் கல்யாண மண்டப முகப்பாகத்தான் முடியும்.

நீ மாடவீதியை மேலேயிருந்து, செல்போன் மேப்பில் பார்த்திருக்கிறாய். பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள், தேரன்று, ஏதாவது ஒரு முனையில் நின்று பார். எல்லாரும் வடம் பிடிப்பதைப் படமெடுப்பார்கள். நீ சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவரைப் பார். நேர்த் தெருவில் அவருக்கு அவ்வளவாக வேலை இல்லை. முனைக்கு வந்ததும் தேர் நிற்கும். வடத்தை அடுத்த தெருப் பக்கம் மாற்றிப் பிடிப்பார்கள். இவர் சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவார், இழுப்பார்கள், தேர் ஒரு முழம் திரும்பி மறுபடி நிற்கும். மறுபடி கட்டை. எதிரில் நிற்கிறவர்களுக்குத் தேரின் முகம், அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் முதுகு என்று எல்லாம் தெரிவது அந்தச் சில நிமிஷத்தில்தான். கூட்டம் முனையில் நெரிவதற்கும், மோர்ப் பந்தல் முனையைத் தேடிப் போவதற்கும் அதுதான் காரணம். நீ ஆடியவள், உனக்குத் தெரியாததா? அடவுக் கோர்வை ஓடி வந்து, முத்தாய்ப்பாகத் தீர்மானம் வைத்துத் திரும்புகிற இடம் அது.

அரங்கத்தை நடுவில் வை. சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். ஆட்கள் நடக்கிற இடம் குறுகலாக, திரும்புகிற இடம் அகலமாக இருக்கட்டும். நாலு முனைக்கும் நாலு வேலை கொடு. பிளானைப் பார்த்தால் சாதாரணச் சதுரமாகத்தான் தெரியும். தெரியட்டுமே.

இன்னொன்று. கபாலி கோயிலில் சுவாமி மேற்கே, குளத்தைப் பார்த்து இருக்கிறார். பெரிய ராஜகோபுரம், ஏறக்குறைய 120 அடி, கிழக்கே அவர் முதுகுப் பக்கம். நம்மில் பாதிப்பேர் ஆயுசு முழுக்கப் பின்வாசல் வழியாகப் போய்வருகிறோம், அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. உயரமான முகப்பைத் தெருவுக்குக் கொடுத்துவிட்டு, நிஜமான முகத்தை உள்ளே திறந்தவெளிப் பக்கம் வைக்கலாம் என்று அந்தக் கோயிலே சொல்லிக்கொடுக்கிறது.

அளவுக்குச் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையைப் பிரி. நான் தமிழ் இலக்கியம் படித்தவன் இல்லை, ஆனால் அந்தப் பகுதி அப்படியே சைட் நோட்டு மாதிரி இருக்கும். 24 விரல் ஒரு கோல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். வாயில் இரண்டு. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே விழும்படி விளக்கு வைக்க வேண்டும் என்பதுவரை இருக்கிறது. என் கட்டைவிரலை டேப்பில் வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஓர் அங்குலம். அப்படியானால் மேடை 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. மாதவி ஒருத்திக்கு அது போதும். பத்துப் பேர் ஆடும் நாட்டிய நாடகத்துக்குப் போதாது, அதனால் நீள அகலத்தைக் காப்பியடிக்காதே. அந்த 2 அடி உயரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். நம் மண்டபங்களில் மேடையை 4 அடிக்குத் தூக்கிவிடுகிறோம். முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஆடுகிறவரின் கால் தெரிவதில்லை.

பதில்: சலங்கை_டீச்சர்

சார் கால் தெரிவதைப் பற்றிச் சொன்னார், நான் காலைப் பற்றிச் சொல்கிறேன்.

கண்ணு, உன் முழங்கால் ஏன் போனது என்பதை நீயே எழுதியிருக்கிறாய், ஆனால் அதைத் தாண்டிப் போய்விட்டாய். ஸ்லாப், அதன் மேல் டைல்ஸ். பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு ஒன்றை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) செய்தால் பாதம் எத்தனை தடவை தரையில் இறங்குகிறது என்று எண்ணிப் பார். அத்தனை அடியையும் ஸ்லாப் வாங்கிக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். உன் கூரையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க மாட்டார்கள், தரையைப் பற்றி என் பிள்ளைகளின் அம்மாக்கள் வருஷம் முழுக்கக் கேட்பார்கள். ஒரு மண்டபத்தில் பளபளவென்று கிரானைட் மேடை கட்டி, பெருமையாகக் காட்டினார்கள். அரங்கேற்றம் முடிந்த பெண் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள்.

மரத் தரை போடு. ஸ்லாப் மேல் ரப்பர் துண்டுகள், அதன் மேல் ரீப்பர் சட்டம், அதன் மேல் இரண்டு அடுக்கு பிளைவுட் மாற்றி மாற்றி, கடைசியாகப் பலகை. ஒற்றைப் பலகையோடு நிறுத்தினால் காலி டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும், நான் தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தமே அமுங்கிவிடும். அடியில் காற்று போய்வர வழி விடு, இல்லையென்றால் நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஐந்து வருஷம் தாங்காது. நாலு வகுப்பறையிலும் இதே தரை வேண்டும். பிள்ளைகள் மேடையில் ஆடுவது வருஷத்தில் ஒரு நாள், வகுப்பில் வாரம் மூன்று நாள்.

அரங்க அளவுக்கு நாட்டிய சாஸ்திரத்தையும் பார். நடுத்தரச் செவ்வக அரங்கம் 64 முழம் நீளம், 32 முழம் அகலம், அதில் பாதி பார்ப்பவர்களுக்கு. முழம் ஒன்றரை அடி என்றால் 96க்கு 48. இதைவிடப் பெரிதானால் முகபாவம் தெரியாது, பேச்சும் தெளிவாகக் கேட்காது என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறது. உன் 300 பேருக்கு அதுவே கணக்காக வரும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்த கூத்தம்பலம் என்ற அரங்கம் இருக்கிறது. கேரளத்துக் கோயில் கூத்தம்பலத்தின் வழியில் கட்டியது. அனுமதி வாங்கிக்கொண்டு போய், ஒரு தூணோரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வா.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நீ சைட் எடுத்திருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே, அந்தக் கோயிலிலேயே ஆடியவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் அவரிடம் அபிநயம் கற்றவர்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலுக்குள் ஆட்டம் நின்று சபா மேடைக்கு முழுசாக வந்துவிட்டது. உன் ஷீட்டில் முத்திரை நிறைய இருந்திருக்கும், அவர் பெயர் இருந்ததா?

பதில்: வியாசர்பாடி_வாத்தியம்

டீச்சரம்மாவுக்கு வணக்கம். தங்கச்சி, ஒரு சந்தேகம். தலைப்பில் ‘நாட்டிய மையம்’ என்று இருக்கிறது, பேச்செல்லாம் ஒரே நாட்டியம்தான். எங்கள் பக்கம் ஆடுவதற்கெல்லாம் அங்கே இடம் உண்டா? 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா ஆரம்பித்தபோது பூங்காவில் கரகமும் ஒயிலாட்டமும் பறையும் நடந்ததை மயிலாப்பூர்க்காரர்களும் நின்று பார்த்தார்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அரங்கம்தான் இடம் கொடுப்பதில்லை.

இடம் என்றால் என்ன என்று சொல்கிறேன். தெருக்கூத்துக்கு மேடையே வேண்டாம், தரை போதும், மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்தால் போதும். வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், அதனால் உன் மோட்டார் திரையும் வேண்டாம். ஆனால் பறைக்கு நெருப்பு வேண்டும். தோல் தளர்ந்தால் சத்தம் செத்துவிடும். வைக்கோலோ பேப்பரோ கொளுத்தி, பறையை அதன் மேல் காட்டிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஏசி ஹாலுக்குக் கூப்பிடுவார்கள். ஏசியில் தோல் கால் மணி நேரத்தில் தொய்ந்துவிடும். சூடு காட்ட எங்கே போவது என்று கேட்டால் கார் நிறுத்துகிற இடத்தைக் கைகாட்டுவார்கள். ஒரு தடவை வாட்ச்மேன் பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

நெருப்பு மூட்ட ஒரு மூலை. அதைப் பிளானில் வரைந்து பெயரும் எழுதிவிடு, போதும்.

மறுமொழி: அரைமண்டி_அரைகுறை

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இல்லை. அந்தப் பெயர் ஒரு ஷீட்டிலும் இல்லை. நூலகத்தின் தெருப் பக்கச் சுவரை அவருக்காக ஒதுக்கியிருக்கிறேன், உள்ளே வராதவர்களும் நின்று படிக்கிற மாதிரி.

சனிக்கிழமை தெற்கு மாடவீதி முனையில் டேப்போடு நின்றேன். காய்கறி விற்கும் அம்மா, “கார்ப்பரேஷனா? மறுபடியும் ரோட்டை அகலப்படுத்தப் போறீங்களா?” என்று தராசை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். தீசிஸ் என்றதும் நம்பவில்லை. கால் கிலோ அவரைக்காய் வாங்கிய பிறகுதான் அளக்க விட்டார். திருவிழா இல்லாத நாளிலும் முனையில் ஆட்கள் நிற்கத்தான் செய்கிறார்கள் சார். பையைக் கை மாற்றுகிறார்கள், கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், ஆட்டோ பேரம் பேசுகிறார்கள்.

இப்போது பிளான் இப்படி இருக்கிறது. நடுவில் அரங்கம், மேடை உயரம் 2 அடி, இருக்கை மூன்று பக்கமும். சுற்றி 8 அடித் தாழ்வாரம், முனைகளில் மட்டும் 20 அடி. ஒரு முனையில் சலங்கை கட்ட நீளமான திண்ணை, ஒன்றில் நூலகம், ஒன்றில் கேன்டீன். நாலாவது, அண்ணா, உங்கள் நெருப்பு மூலை. வானம் பார்த்த முற்றம், கருங்கல் தரை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். முதலில் வாஸ்துப்படி தென்கிழக்கில் வைத்தேன், அக்னி மூலையாம். அப்புறம்தான் சாயங்காலக் கடல்காற்று அந்தப் பக்கமிருந்து வருவது உறைத்தது, மொத்தப் புகையும் அரங்கத்துக்குள் போயிருக்கும். வடமேற்குக்கு மாற்றிவிட்டேன். கூரை சாதாரணச் சரிவுக் கூரை. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று இந்தத் தடவை அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

நேற்று கைடிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பென்சிலை எடுத்துத் தாழ்வாரத்தில் ஒரு சுற்று சுற்றிவந்தார், நாலு முனையிலும் பென்சில் நின்றது. அப்புறம் நிமிர்ந்து, “பார்க்கிங் எங்கேம்மா?” என்றார்.

பேஸ்மென்ட் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் 12 அடி தோண்டினால் தண்ணீர் எவ்வளவு வரும்? சார், இருக்கிறீர்களா?