நாம் செய்த ஸ்கேல் மாடலை (நிஜ விமானம், டாங்கியின் சிறு உருவம்) பார்த்தவர்கள் சொன்னதில் இன்னும் உறுத்துவது எது? (அனுபவப் பகிர்வு)

சூலூர்க்காரன்

நாட் போர் விமானம், 1/72 (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) அளவில். ஸ்ரீநகர் மேல் 1971 டிசம்பர் 14 அன்று விமானி சேகோன் ஓட்டியது 18-ஆவது ஸ்குவாட்ரனின் நாட். அதே ஸ்குவாட்ரன் 2020-இல் தேஜஸோடு எங்கள் ஊர் தளத்தில் மறுபடி உயிர்பெற்றது. அதனால் செய்தே தீருவது என்று எடுத்தேன். ஒட்டிய கதை வேண்டாம், உங்களுக்குத் தெரியாததா.

பக்கத்து வீட்டு ஐயா விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொண்டுபோய்க் காட்டினேன். வருகிற எல்லாரும் மேல்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். இவர் கையில் வாங்கியதும் கவிழ்த்தார். சிறகு முனைக்கு முனை 9 சென்டிமீட்டர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சக்கரக் கதவைச் சுண்டுவிரல் நகத்தால் தொட்டார். "இந்தக் கதவேதானுங் தம்பி பிரேக்கும். பறக்கையில பாதி இறக்குனா வேகம் மட்டுப்படும்." அப்புறம் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடி இத்தனை சுத்தமா இருக்குதே, பறக்காத வண்டிங்களா?"

அன்று இரவே கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் கோடுகள்) ஓடவிட்டேன். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கறையும் இழுத்தேன். மறுபடி கொண்டுபோனால், "இது மழைத்தண்ணி ஒழுகுன கறைங். ஆயில் காத்துப் போற பக்கம், வாலைப் பார்த்துல்ல இழுக்கும்" என்றார். மாடலை என் கையில் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கறையை இன்னும் தொடவில்லை. அலமாரியைத் திறந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது.

பல்லடம் நரைத்தாடி

என்னுடையது சின்னது. வெளிநாட்டிலிருந்து வந்த 1/35 டாங்கி கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் உள்ள பெட்டி) வரிக்காக மாட்டிக்கொண்டது. கவுண்டரில் இருந்த பையன் ரசீதைப் பார்த்துவிட்டு, "சார், குழந்தைக்கு எத்தனை வயசு?" என்றான். என் தாடியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் என்றேன். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "அண்ணா, இவருக்கேதானாமா" என்றான்.

சுங்க வரிப் பட்டியலில் ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பில்தான் இருக்கின்றன. 2020 பட்ஜெட்டில் 20 சதவீதம் 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காப்பாற்றத்தான் வரி, அது நியாயமே. ஆனால் பெட்டி மேலேயே 14 வயதுக்கு மேல் என்று அச்சடித்திருக்கிறதே, அதை யாராவது படித்தால் என்ன? வரியைக் கட்டிவிட்டேன். "இவருக்கேதானாமா" மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பொள்ளாச்சி டெக்கால்

ஆடி நோம்பிக்கு ஒறம்பரை வந்திருந்த சமயம். சில்வர் கிண்ணத்தில் டெக்கால் (தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) ஊறிக்கொண்டிருந்தது. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

"அத்தை, இதுல இருந்த தண்ணி?"

"அழுக்குத் தண்ணின்னு கறிவேப்பிலைக்கு ஊத்திட்டேன் கண்ணு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். விமானப்படைச் சின்னமான வட்டம் இரண்டு மண்ணோடு போயே போய்விட்டது. ஒன்று மட்டும் கறிவேப்பிலை இலையில் சுருக்கமே இல்லாமல் படிந்து உட்கார்ந்திருந்தது. காவி, வெள்ளை, பச்சை, நரம்புகூடத் தெரிகிற அளவுக்கு இறுக்கமாக. என் கையால் ஒரு சிறகில்கூட அப்படி ஒட்டியதில்லை. எரிச்சல் அதுதான். அத்தை இப்போதும் கல்யாணம் காட்சி என்று எங்கே பார்த்தாலும், "கண்ணு, அந்த ஸ்டிக்கர் கெடச்சுதா?" என்று நாலு பேர் நடுவில் கேட்கிறார்.

ஈரோடு ஏர்பிரஷ்

சூலூர்க்காரரே, ஐயா சொன்னது பாதிதான் சரி. பறக்கும்போது கசிவு வாலை நோக்கி இழுக்கும், ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தி வைத்த பிறகு கசிவது நேர் கீழேதானே வரும்? உங்கள் விமானம் சக்கரம் இறக்கி நிற்கிறது, ஆகவே இரண்டு கறையும் இருக்கலாம். கீழே வடிந்ததை அழிக்க வேண்டாம், வாலுக்கு இழுத்ததை மேலே சேர்த்தால் போதும். ஃபிட்டராக இருந்தவர் என்றால் சொன்னதெல்லாம் வேதமா?

பொள்ளாச்சி, இலையில் ஏன் அப்படி ஒட்டியது என்று யோசித்தீர்களா? கறிவேப்பிலையின் மேல்பக்கம் வழவழப்பு. நீங்கள் மட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேலேயே டெக்கால் போடுகிறவர் என்று நினைக்கிறேன். மட் பரப்பு சொரசொரப்பு. படலத்துக்கு அடியில் காற்று தங்கி, காய்ந்ததும் வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ் மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். ஒருநாள் காயட்டும். பிறகு டெக்கால், அதன்மேல் மென்மையாக்கும் திரவம் ஒரு தொடு. படலம் சுருங்கிக் கோணலாகும், பயந்து கை வைத்தால் போச்சு. தானாகவே இறங்கிப் பேனல் கோட்டுக்குள் உட்காரும். கடைசியில் மட் வார்னிஷ்.

உங்கள் பக்கம் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியோடு வரும். ஜன்னலை அடைத்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். எங்கள் ஊரில் தொல்லை வேறு. சித்திரை வெயிலில் அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் (பேனா மாதிரியான சின்னத் தெளிப்பான்) ஊசி முனையிலேயே காய்ந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விட்டு, காலையிலேயே முடித்துவிடுவேன். இன்னொன்று, விமானி மூடிக் கண்ணாடியை ஃபெவிக்விக்கில் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டால் உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளைப் பசை போதும்.

என் அனுபவமா? வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த அண்ணன் என் ஏர்பிரஷைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒரு செவுரு அடிக்க எத்தனை வருசம் ஆகுமுங்?" என்றார். அவ்வளவுதான்.

சூலூர்க்காரன்

ஈரோடு, கறையை எப்படிப் போடுவது என்று நான் கேட்கவே இல்லையே. அந்த ஐயா அந்த விமானங்களைத் தொட்டவர். நீங்களும் நானும் படம் பார்த்தவர்கள்.

ஈரோடு ஏர்பிரஷ்

படத்திலும் கீழேதான் வடிகிறது. சரி, விடுங்கள்.

செங்கோட்டு ரிக்

விடச் சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் நான் சூலூர் பக்கம். எனக்கும் இதேதான் நடந்தது.

திருச்செங்கோட்டில் பிறந்துவிட்டு டாங்கியும் விமானமும் மட்டும் செய்தால் எப்படி என்று போர்வெல் லாரி (ரிக்) ஒன்றை 1/24-இல் ஆரம்பித்தேன். கிட் எதுவும் கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக் அட்டையை வெட்டியதுதான். ஹைட்ராலிக் ஓஸுக்குச் சால்டர் கம்பி, துளையிடும் ராடுக்குப் பித்தளைக் குழாய். போர் போட்டுவிட்டு வருகிற வண்டி மேலே பாறைத்தூள் வெளுப்பாகப் படிந்திருக்குமே, அதற்கு நிறமித்தூள் வாங்கக் காசு பார்த்து வீட்டு விபூதியையே தூவினேன்.

ரிக்கில் டிரில்லராக வடக்கே பல மாநிலம் சுற்றியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். மாடலைப் பார்க்க வந்தார். மாஸ்ட்டை (துளையிடும் கோபுரம்) மெல்லத் தூக்கிப் பார்த்தார், எழுந்து நின்றது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பின்டயர் மட்கார்டை விரலால் ஒருமுறை துடைத்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"விபூதிங்களா?"

ஆமாங்க என்றேன். அதை அப்படியே நெற்றியில் இட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி எதையோ தேடினார்.

"கம்ப்ரசர் வண்டி எங்கீங்க?"

செய்யவில்லை என்றேன். "ஒத்தை வண்டியாப் போயி என்னங்க பண்றது? காத்து இல்லாமச் சுத்தியல் எப்படி அடிக்கும், மண்ணு எப்படி மேல வரும்? ரெண்டு வண்டியுஞ் சேர்ந்ததுதானுங்க ஒரு செட்டு" என்றார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவே இல்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இரண்டாவது வண்டிக்கு அட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டேன். கம்ப்ரசரின் இடது பக்கம், கதவு திறந்த நிலையில், யாரிடமாவது போட்டோ இருந்தால் போடுங்கள். ரிக்கை எடுக்கிறவர்கள் யாரும் அந்த வண்டியை எடுப்பதே இல்லை.