ஓலன்சபின் ஆரம்பித்து 3 மாதம், சுகர் 118: மாத்திரையை நிறுத்தலாமா?

அயனாவரம்_அண்ணன்:
தம்பிக்கு வயது 27. மனநோய்க்கு ராத்திரி ஓலன்சபின் 10 மி.கி. காதில் குரல் கேட்பது நின்றிருக்கிறது, தூக்கமும் வருகிறது. ஆனால் எடை 62 கிலோவிலிருந்து 69. வெறும் வயிற்றில் சுகர் 118. வீட்டில் எல்லோரும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பெரம்பூர்_மருந்தாளுநர்:
தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீங்க. நிறுத்தினதும் சில வாரம் நன்றாக இருப்பது போலவே தெரியும்; நோய் பெரும்பாலும் அதற்கப்புறம்தான் திரும்பும்.

118 சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசல்படி. 126 வந்தால், இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள். எனக்குக் கவலை எடையில்தான். ஆரம்ப எடையில் 5 சதவீதம் கூடினாலே மருந்தை மாற்றுவது பற்றி யோசிக்கணும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004-லேயே சொல்லியாச்சு. தம்பிக்கு அது 3 கிலோ சொச்சம், ஏறியதோ 7.

டாக்டரிடம் கேளுங்க: அரிப்பிப்ரசோல் மாதிரி எடை அதிகம் ஏற்றாத மருந்துக்குப் படிப்படியாக மாறலாமா? மாறினால் குரல் திரும்புமென்று அவர் தயங்கினால், சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்க்கலாமா? சேர்ப்பதற்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கணும். வழக்கமாக 500 மி.கி.யில் ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டோடு போடணும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல், பேதி.

வில்லிவாக்கம்_நர்ஸ்:
பசியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைக்கிறது. வயிறு நிறைந்த சேதி சரியாகப் போய்ச் சேருவதில்லை. ராத்திரி 11 மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறப்பது தம்பியின் குற்றமில்லை, திட்டாதீங்க. டப்பாவையே வீட்டில் வைக்காதீங்க. சுண்டல், வெள்ளரிக்காய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வாய் வறட்சிக்கு கூல்டிரிங்க் குடிக்கிறாரா பாருங்க. 250 மி.லி. பாட்டிலில் 5 டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை. உப்பு குறைத்த நீர்மோர் போதும்.

வாராவாரம் ஒரே தராசில், காலையில் எடை. இடுப்பளவு 90 செ.மீ. தாண்டக் கூடாது. கொலஸ்ட்ராலும் ஒருமுறை பாருங்க. சுகர், பிரஷர் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

அயனாவரம்_அண்ணன்:
எடை குறைந்தால் சுகர் பயம் போய்விடுமா?

பெரம்பூர்_மருந்தாளுநர்:
குறையும், முழுக்கப் போகாது. எடை ஏறாமலே சுகர் ஏறுகிறவர்களும் உண்டு, முக்கியமாக ஓலன்சபினிலும், அதே வகை மருந்தான குளோசபினிலும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் எடைக் குறைவு தெரிந்தால் அன்றைக்கே சுகர் பாருங்க. கூடவே வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 108.