நுரைவழிப்பான் என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்மீன் தொட்டி நீரின் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியான புரொட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழில் "புரத நீக்கி" என்றே வைத்துவிடலாம் என்று தம்பி எழுதியிருந்தார். சுருக்கமான சொல்தான். ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் நான் பிழையான கருவியை வாங்கினேன்.

யாழ்ப்பாணத்தில் என் வீட்டு ஹோலில் 200 லீற்றர் முருகைத் தொட்டி இருக்கிறது. (பவளப்பாறைத் தொட்டி என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. நெடுந்தீவில் வேலிகளே முருகைக்கல்லால் அடுக்கியவை. சொல் நம் கையிலேயே இருக்கிறது.) மீன் கழிவு சிதைந்து உண்டாகும் நைத்திரேற்று நீரில் ஏறிக்கொண்டே போனது. நீக்குகிற கருவிதானே, பெரிதாக இருந்தால் கூட நீக்கும் என்று நினைத்து, மிகப் பெரிய தொட்டிக்கானதை வாங்கிப் பூட்டினேன். அழுக்கு நுரை வந்து சேரவேண்டிய கிண்ணம் நாட்கணக்காகக் காய்ந்து கிடந்தது. நைத்திரேற்றும் இறங்கவில்லை.

அது நடந்த பிறகுதான் வேலை செய்கிற விதத்தைப் படித்தேன். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து கரைகிற சேதனப் பொருள்கள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை விலகும். அப்படிப்பட்டவை காற்றுக் குமிழின் தோலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. புரதம் அவற்றில் ஒரு வகை மட்டுமே. குமிழ்கள் கழுத்துக்குள் ஏறி நுரையாகி, பொங்கி, மேலே உள்ள கிண்ணத்தில் வழிகின்றன. கரைந்துவிட்ட நைத்திரேற்று குமிழில் ஒட்டாது. அது உருவாகுமுன் அதன் மூலப்பொருளை வெளியேற்றுவதுதான் இந்தக் கருவியின் வேலை. என் தொட்டியிலோ நாலே மீன். அந்தப் பெரிய கருவியின் அகலமான உடம்பில் நுரை கழுத்துவரை எழுந்து நிற்க அவ்வளவு சேதனப் பொருள் அங்கே இல்லை.

ஆகவே பெயர் நுரையிலிருந்து வரவேண்டும் என்பது என் கருத்து. "நுரை வடிகட்டி" என்றும் ஒருவர் சொன்னார். இங்கே எதுவும் வடிகட்டப்படுவதில்லை. வடிகட்டியின் பஞ்சில் பிடிபட்ட அழுக்கு, நாம் கழுவும்வரை அதே நீரோட்டத்தில் அழுகிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் விழுந்தது தொட்டி நீரை விட்டே போய்விட்டது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டக்கூடாது.

நான் முன்வைப்பது நுரைவழிப்பான். உலை கொதிக்கும்போது அகப்பையால் நுரையை வழிக்கிறோம். தைப்பொங்கலன்று பானையில் நுரை தானாகப் பொங்கி வழிகிறது. ஸ்கிம்மருக்குள் நடப்பது இரண்டாவது. வழித்தல், வழிதல் இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் கருவியின் வேலையும் நுரையின் போக்கும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. அழி என்பதிலிருந்து அழிப்பான் வருவதுபோல வழி என்பதிலிருந்து வழிப்பான். பாதை என்று யாரும் மயங்கமாட்டார்கள், முன்னால் நுரை நிற்கிறது.

பெயர் சரியாக இருந்தால் வாங்குகிறவர் கேட்கும் கேள்வியும் சரியாக வரும். எத்தனை லீற்றருக்கு என்பதோடு, எத்தனை மீன், எவ்வளவு தீனி என்றும் கேட்பார். பெட்டியில் போட்டிருக்கும் லீற்றர் கணக்கு பெரும்பாலும் மீன் குறைந்த தொட்டிக்கானது. கருவி நிற்கும் கீழ்த்தொட்டியில் நீர்மட்டம் அசையாமல் நிற்குமா என்று பார்ப்பார். கரண்ட் போனால் மேல்தொட்டி நீர் கீழே இறங்கி மட்டம் உயர்ந்துவிடும். திரும்ப வரும்போது கிண்ணம் நிரம்பி, சேர்ந்த அழுக்கெல்லாம் மறுபடி தொட்டிக்கே போகும். 2022 மின்வெட்டுக் காலத்தில் இதை எத்தனை தடவை துடைத்தேன்!

நன்னீரில் ஏன் வேலை செய்யாது என்று அக்கா கேட்டிருந்தார். உப்பு நீரில் சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். நன்னீரில் சட்டென்று சேர்ந்து பெருத்துவிடும், நுரை நிற்காது.

சரி, துணைச் சொற்களும் வேண்டும். குமிழை நொறுக்கும் முட்கள் கொண்ட பம்பிச் சில்லுக்கு ஊசிச்சில்லு. பிளேன்ரீ நிறத்தில் தண்ணீராக வழிவது இளநுரை, கரும்பச்சையாகக் களிபோல் சேர்வது தடிநுரை. இளநுரை என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மீன்பிடிக் குடும்பங்களில் இதற்கு நல்ல சொல் இருந்தால், கேட்டு எழுதுங்கள்.