வீட்டு ஸ்விம்மிங் பூலுக்கு ஹீட்டர்: கரண்ட் ஹீட்டரா, ஹீட் பம்ப்பா, சோலாரா?

மருதமலை_அடிவாரம்:
வணக்கம்ங்க. வடவள்ளி பக்கம் வீடு, பின்னாடி சின்னதா ஒரு பூல் இருக்கு, 7 மீட்டருக்கு 3.5, ஆழம் ஒரு பக்கம் 1.1 இன்னொரு பக்கம் 1.5, மொத்தம் 32,000 லிட்டர் கிட்ட புடிக்கும். வெயில் காலத்துல ஒரு பிரச்சனையும் இல்லீங்க, கார்த்திகை பொறந்தா தை முடியற வரைக்கும் தண்ணி 23, 24 டிகிரிலயே நிக்குது, பசங்க காலை வெச்சுட்டு ஓடியே வந்துடறாங்க. இதுல மாமியாருக்கு முட்டி வலி, தண்ணிக்குள்ள நடக்கச் சொல்லியிருக்கார் டாக்டர், 29 டிகிரி இருந்தா நல்லதுன்னார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் இறங்குவோம்.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குனேன், மூணும் மூணு திசை. ஒருத்தர் 12 கிலோவாட் கரண்ட் ஹீட்டரை பைப்லைன்ல மாட்டிடலாம், விலை கம்மி, ஒரே நாள் வேலைங்கறார். ரெண்டாவது ஆளு ஹீட் பம்ப், அதுவும் பம்ப் ரூம்குள்ளயே வெச்சுடலாம்ங்கறார் (நம்ம பம்ப் ரூம் தரைக்குக் கீழ, மேல மூடி போட்டது). மூணாவது ஆளு மொட்டை மாடி பூரா சோலார் பாய் (வெயில்ல தண்ணியைச் சூடாக்கற விரிப்பு) விரிக்கணும்ங்கறார். வீட்ல த்ரீ பேஸ், சாங்ஷன் லோடு (ஈபி அனுமதிச்ச அளவு) 10 கிலோவாட், மாடில 5 கிலோவாட் கரண்ட் சோலார் ஏற்கனவே இருக்குது, பாதி மாடி காலி. உப்பு க்ளோரினேட்டர் (பூல் தண்ணில கரைச்ச உப்புல இருந்தே க்ளோரின் தயாரிக்கற மெஷின்) ஓடுது. எதை எடுக்கலாம்னு சொல்லுங்க. ஆங், பூலுக்கு கவர் எதுவும் இல்லீங்க, போட்டா பார்க்க நல்லா இருக்காதுன்னு வீட்ல வேண்டாம்னுட்டாங்க.

பம்ப்ரூம்_பாய்:
சார், கடைசி வரில போனாபோகுதுன்னு எழுதினீங்களே கவர் இல்லைன்னு, மேட்டரே அங்கதான் இருக்கு. பூல்ல இருந்து போற சூட்டுல பெரும்பங்கு ஆவியாகித்தான் போகுது, தரை வழியா சுவர் வழியா போறதெல்லாம் கொஞ்சம்தான். ராத்திரி மூடாம வெச்சுட்டு எந்த ஹீட்டர் போட்டாலும் ஓட்டைப் பானைல தண்ணி ஊத்தற கதைதான். பபிள் கவர் போடுங்க, 400 இல்ல 500 மைக்ரான், குமிழ் பக்கம் தண்ணியைப் பார்த்து இருக்கணும். உருட்டி வைக்க ரோலர் கட்டாயம் வாங்குங்க, இல்லைன்னா ஒரு வாரத்துக்கு அப்புறம் யாரும் அதைத் தொட மாட்டாங்க, கவர் ஒரு மூலைல கிடக்கும்.

இப்ப கணக்கு. உங்க பூலை ஒரு டிகிரி ஏத்த 37 யூனிட் சூடு வேணும், இது எந்த கம்பெனி ஹீட்டருக்கும் ஒண்ணுதான், தண்ணியோட கணக்கு. கவர் போட்டும் தினம் ஒரு டிகிரி இறங்குதுன்னு வைங்க. கரண்ட் ஹீட்டர்னா அந்த 37 யூனிட்டும் மீட்டர்லயே ஓடும். ரெண்டு மாச பில்லுக்கு 2,200 யூனிட் எக்ஸ்ட்ரா, 1,000 தாண்டின ஸ்லாப்ல யூனிட் 11 ரூபாய்க்கு மேல, நீங்களே பெருக்கிப் பாருங்க. ஹீட் பம்ப் வெளிக்காத்துல இருக்கற சூட்டை இழுத்து தண்ணிக்குள்ள தள்ளுது, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு அஞ்சு யூனிட் சூடு கிடைக்கும், அதனால 7, 8 யூனிட்ல அதே வேலை முடிஞ்சிடும். இன்னொண்ணு, உங்க சாங்ஷன் லோடே 10, அவர் மாட்டச் சொல்றது 12. வீட்ல ஏசி, மோட்டார் எல்லாம் எங்க போகும்? லோடு ஏத்த ஈபி ஆபீஸ் நடக்கணும், அந்தச் செலவை கொட்டேஷன்ல போட்டிருக்க மாட்டாரு.

மாடிவெயில்:
பம்ப்ரூம் பாய் சொல்றது சரிதான், ஆனா சோலார் பாயை இவ்ளோ ஈசியா ஒதுக்க வேண்டாம். கண்ணாடி இல்லாத கருப்பு பாய் வகை, பூல் பரப்புல பாதியாவது இருக்கணும், முழுசா இருந்தா இன்னும் நல்லது. உங்களுக்கு பரப்பு 24.5 சதுர மீட்டர், அப்போ 13ல இருந்து 24 சதுர மீட்டர் வரைக்கும் மாடில இடம் வேணும், தெற்குப் பார்த்து. ஃபில்டர் பம்ப்பே தண்ணியை மேல ஏத்திடும் (மாடி உயரத்தைப் பொறுத்து, ரெண்டு மாடின்னா பம்ப்பை செக் பண்ணுங்க), கரண்ட் செலவு கிட்டத்தட்ட இல்லை. சித்திரைல ராத்திரி நேரம் தண்ணியை அதே பாய்ல சுத்த விட்டா பூல் குளிர்ந்தும் போகும், எங்க வீட்ல அப்படித்தான் ஓட்றோம்.

பம்ப்ரூம்_பாய்:
மாடிவெயில் ப்ரோ, நீங்க மதுரையோ திருச்சியோன்னு நினைக்கிறேன். இவருக்கு சூடு வேண்டியதே ஐப்பசி கார்த்திகை மழைலயும் மார்கழிலயும், அப்பதான் மேகம் மூடி நாள்கணக்கா வெயில் இருக்காது. மாமியார் முட்டி வெயிலுக்காக காத்திருக்குமா? அதுவும் இல்லாம இவர் மாடில 5 கிலோவாட் ஏற்கனவே இருக்கு, நல்ல நாள்ல 20 யூனிட் தரும், ஹீட் பம்ப்பை பகல்ல ஓட்டினா அதுலயே ஓடிடும். சோலார் பணத்தை ரெண்டாவது தடவை மாடில போட எனக்கு மனசு வரல.

கோத்தகிரி_லலிதா:
நான் சொல்றது உங்க ஊருக்கு பாதிதான் பொருந்தும், இருந்தாலும் கேட்டுக்கோங்க. எங்க ஹோம்ஸ்டேல ஹீட் பம்ப்தான். ப்ரோஷர்ல சிஓபி (ஒரு யூனிட் கரண்ட்டுக்கு எத்தனை யூனிட் சூடுங்கற கணக்கு) 6, 7னு பெருசா போட்டிருப்பாங்க, கீழ பொடி எழுத்துல காத்து 26, 27 டிகிரின்னு இருக்கும். காத்து 15 டிகிரில எவ்ளோன்னு இன்னொரு நம்பர் இருக்கும் பாருங்க, அதைக் கேட்டு வாங்குங்க. இங்க ஜனவரி விடிகாலைல காயில் மேல பனி உறைஞ்சு மெஷின் நின்னு நின்னு ஓடுது, அதனால நாங்க பத்து மணிக்கு மேலதான் ஆன் பண்றோம். கோயம்புத்தூர்ல மார்கழில கூட மத்தியானம் 28, 29 வந்துடுமே, 11 மணில இருந்து 4 மணிக்குள்ள ஓட்டுங்க, நல்ல சிஓபியும் கிடைக்கும் சாயங்காலம் தண்ணியும் ரெடியா இருக்கும்.

சில பேர் கேஸ் ஹீட்டர் சொல்வாங்க. சனி ஞாயிறு மட்டும் ஆள் வர்ற இடத்துக்கு அது சரி, வேகமா சூடாகும். ஆனா 19 கிலோ சிலிண்டர் ஒண்ணு எரிச்சா உங்க பூல் ஒரு அஞ்சு டிகிரி ஏறும், அவ்ளோதான். தினமும் இறங்கறவங்களுக்கு கட்டுப்படி ஆகாது தம்பி.

அப்புறம் உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, கவர் போட்டா இலை தழை விழாது, தண்ணி ஊத்தற செலவும் குறையும். பார்க்க அழகு வேணும்னா விருந்தாளி வர்ற அன்னைக்கு சுருட்டிடலாம். ஆடிக்காத்துக்கும் உதவும், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்க பக்கம் அடிக்கறப்ப பூல் சூட்டை அப்படியே உருவிட்டுப் போகும்.

மருதமலை_அடிவாரம்:
அக்கா சொன்ன ஆடிக்காத்து நூத்துக்கு நூறு உண்மைங்க, போன ஆடிலயும் பசங்க இறங்கல. சரி, ஹீட் பம்ப்னு முடிவு பண்ணிட்டேன், கவரும் சேர்த்து. எத்தனை கிலோவாட்? அந்த ஆளு பம்ப் ரூம்லயே வெக்கலாம்ங்கறது சரிங்களா?

பம்ப்ரூம்_பாய்:
தரைக்குக் கீழ மூடி போட்ட ரூம்ல ஹீட் பம்ப்பா, அவர் ஒரு தடவையாவது மாட்டியிருக்காரான்னு கேளுங்க சார். அது மணிக்கணக்கா காத்தை இழுத்து ஜில்லுன்னு வெளிய தள்ளற மெஷின். மூடின ரூம்ல வெச்சா தான் விட்ட குளிர்க்காத்தையே திரும்ப இழுக்கும், கொஞ்ச நேரத்துல எர்ரர் அடிச்சு நிக்கும். வெளிய, திறந்த இடம், பின்னாடி சுவத்துல இருந்து ஒரு அடிக்கு மேல, முன்னாடி காத்து வெளிய வர்ற பக்கம் ரெண்டு மூணு மீட்டர் எதுவும் இருக்கக்கூடாது. கீழ கான்க்ரீட் மேடை போட்டு ரப்பர் புஷ் வைங்க. பெட்ரூம் ஜன்னலுக்கு நேரா வேண்டாம், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும்.

சைஸ் 10 கிலோவாட் அவுட்புட் போதும், 13ன்னா சௌகரியம், ரெண்டு மூணு கிலோவாட்தான் கரண்ட் இழுக்கும். முதல் தடவை 24ல இருந்து 29க்கு ஏத்த 185 யூனிட் சூடு வேணும், பகல்ல மட்டும் ஓட்டினா 10 கிலோவாட்டுக்கு நாலு நாள் ஆகும், அதுக்கு அப்புறம் தினமும் நாலு மணி நேரம்தான். இன்வெர்ட்டர் டைப் எடுங்க, சத்தம் கம்மி. உள்ள டைட்டானியம் காயில்னு எழுதி வாங்குங்க, நீங்க உப்பு க்ளோரினேட்டர் வெச்சிருக்கீங்க, காப்பர் தாங்காது.

அடுத்து பைப் வரிசை, இதுல கோட்டை விட்டா மெஷின் போச்சு: பம்ப், சாண்ட் ஃபில்டர், அதுக்கு அப்புறம் ஹீட் பம்ப், க்ளோரினேட்டர் கடைசில. ஹீட் பம்ப்புக்கும் க்ளோரினேட்டருக்கும் நடுவுல ஒரு நான்ரிட்டர்ன் வால்வு, பம்ப் நின்னதும் க்ளோரின் தண்ணி பின்னாடி வந்து காயில்ல தேங்காம இருக்க. க்ளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடைல (பூல் ஓரத்துல குப்பை புடிக்கற கூடை) போடற பழக்கம் இருந்தா இன்னையோட நிறுத்துங்க. மூணு வால்வு வெச்சு பைபாஸ் போடச் சொல்லுங்க, சர்வீஸ் வந்தா பூல் நிக்காது. உள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்றதுக்கும் 1, 2 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும், அதைப் பார்த்து சூடாகலைன்னு பயப்படாதீங்க, அதான் சரி.

கரண்ட் வேலைக்கு தனி லைன், தனி எம்சிபி (ஓவர்லோடு ஆனா கட் ஆகற ஸ்விட்ச்), 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்), நல்ல எர்த். தண்ணிக்குள்ள இறங்கற எஸ்எஸ் ஏணியையும் எர்த்தோட சேர்த்துடுங்க. இதுல மட்டும் யாரும் பேரம் பேசக்கூடாது.

மருதமலை_அடிவாரம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மாட்டியாச்சு, 13 கிலோவாட், தோட்டத்துப் பக்கம் மேடை போட்டு. மாமியார் நேத்து அரை மணி நேரம் நடந்துட்டு மேல வரவே மாட்டேன்னுட்டாங்க. ஒரே ஒரு சந்தேகம், மெஷின் அடில இருந்து தண்ணி சொட்டிட்டே இருக்குது, குவளை வெச்சா நிறையுது. லீக்குங்களா?

கோத்தகிரி_லலிதா:
ஏசில சொட்டற மாதிரிதான் தம்பி, காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து விழுது. சந்தேகம்னா ஹீட் பம்ப்பை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஃபில்டர் பம்ப்பை ஓட விடுங்க. ஒரு மணி நேரத்துல சொட்டு நின்னா வெறும் காத்து ஈரம். நிக்கலைன்னா அந்தத் தண்ணியை க்ளோரின் டெஸ்ட் பண்ணுங்க, க்ளோரின் காட்டினா பூல் தண்ணி, உடனே மாட்டினவரைக் கூப்பிடுங்க.

மருதமலை_அடிவாரம்:
நின்னுடுச்சுங்க்கா. ஒரு பைப் போட்டு கறிவேப்பிலைச் செடிக்கு விட்டுடறேன்.